மேலக்காவின் மதியச் சாப்பாடு

கட்டுமான இடத்தில் என் மனைவிக்கு வைத்திருக்கும் பெயர் மேலக்கா. டவர் கிரேன் ஓட்டுகிறாள். கட்டடம் எழும்பும் இடங்களில் எல்லாவற்றையும் விட உயரமாக ஒற்றைக்காலில் நிற்குமே, அந்த இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். காலையில் ஏணியில் ஏறி அதற்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவாள். கீழே வாக்கி டாக்கியோடு நிற்கும் சிக்னல்காரன் சொல்லச் சொல்ல, கம்பிக் கட்டையும் கான்கிரீட் வாளியையும் தூக்கி, சொன்ன இடத்தில் பூப்போல வைப்பாள். நான் வீட்டு முன்னறையில் சோபா தைப்பவன். நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டவே எனக்குத் தலை சுற்றும். எங்களுக்கு எப்படிப் பொருத்தம் பார்த்தார்களோ தெரியவில்லை, ஆனால் பொருந்திவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பு அவள் கோழி வெட்டிப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே பார்த்ததை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். நானும் மறுபடி கேட்கவில்லை. அங்கிருந்து வந்தவள் முதலில் இறைச்சியை விட்டாள், பிறகு முட்டையை விட்டாள், அப்புறம் பால், தயிர், நெய், வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டாள். கடைசியில் தேனைக்கூட விட்டபோது, "தேனீ உன்கிட்ட வந்து அழுதுச்சா?" என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. வீகன் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது மகள் வளர்ந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. நான் மீன் வாங்கி வந்து தனிச் சட்டியில் பொரித்துச் சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள். என் தட்டைப் பார்ப்பாள், என் தொப்பையைப் பார்ப்பாள், பிறகு ஜன்னலைப் பார்ப்பாள். தொண்டையில் முள் சிக்கியது போலாகிவிடும் எனக்கு.

அப்படிப்பட்டவள் வருஷாந்திர உடல் பரிசோதனைக்குப் போனாள். உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவர் தகுதிச் சான்றிதழ் தந்தால்தான் ஏணியில் கால் வைக்க முடியும். கொஞ்ச நாளாகப் பாதி ஏணியில் கண் இருட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததால் நானும் துணைக்குப் போனேன். போன இடத்தில் சும்மா இருக்காமல் என் ரத்தத்தையும் கொடுத்துவைத்தேன்.

மருத்துவர் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு அம்மா. மறுநாள் ரிசல்ட் வந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ரத்தத்துல கெட்ட கொழுப்பு நிறைய இருக்கும்மா. பிரஷரும் கூட. பி12 சுத்தமா இல்ல."

"ரிப்போர்ட் மாறிப் போயிருக்கும் மேடம்," என்றாள் என் மனைவி. "இவரோடதா இருக்கும். நான் கறி மீன் தொடமாட்டேன். பால்கூட குடிக்கமாட்டேன்."

"அவரோடது இதோ இருக்கு. அவருக்கு ஒண்ணும் இல்ல."

ஐயோ, அந்தக் காகிதம் என் கையில் இருந்திருந்தால் கிழித்தே போட்டிருப்பேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பரீட்சையில் தேறியிருக்கிறேன், ஆனால் சிரிக்க முடியவில்லை.

"மதியம் வழக்கமா என்ன சாப்பிடுவீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"சிப்ஸ். இல்லன்னா பஃப்ஸ். பிஸ்கட். வறுத்த வாழைக்காய் சில நாள்." சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது. "எதுலயும் பால் இருக்காது மேடம். பாத்துத்தான் வாங்குவேன்."

மருத்துவர் திட்டவில்லை. மூன்று மாதத்துக்கு மட்டும் தற்காலிகமாகக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அதற்குள் கொழுப்பும் பிரஷரும் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மேலே அனுப்ப முடியாது, கீழேயே ஏதாவது வேலை கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். செடிகொடியிலிருந்து வருவதை மட்டுமே சாப்பிட்டு நன்றாக வாழலாம், அதில் தவறே இல்லை, ஆனால் பருப்பு, பயறு, கீரை, காய், பழம், கொட்டை எல்லாம் கலந்து சாப்பிட வேண்டும், பி12 மாத்திரையை மறக்கக் கூடாது, பொரித்ததைத் தள்ளி வைக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, தூரத்தில் தெரிந்த வேறு யாருடைய கிரேனையோ பார்த்தபடி, "கீழன்னா ஸ்டோர் ரூம்," என்றாள். "ஆணி எண்ணிக் குடுக்கற வேலை."

அவ்வளவுதான் சொன்னாள். மீதி எனக்குத் தெரியும். கல் சுமக்கிற வேலைக்குத்தான் அவளை முதலில் எடுத்தார்கள். தனக்கு விடும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிரேன்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி மேலே போய்க் கற்றுக்கொண்டவள். பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய அன்று வீட்டுக்கு வந்து, மேலிருந்து பார்த்தால் ஊர் எப்படி இருக்கும் என்று கையை விரித்து விரித்துச் சொன்னாள். அவளுக்கு அந்தக் கூண்டு வெறும் வேலை இல்லை. அதிலிருந்து இறக்கிவிட்டால் அவள் உடைந்துவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

வீட்டில் இது பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. மாடியில் குடியிருக்கும் என் அக்கா செய்தி கேட்டவுடன் படியிறங்கி வந்தாள். "நான் அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன். தினம் ஒரு முட்டை சாப்பிட்டிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அவிச்சுத் தரேன், கண்ண மூடிக்கிட்டு முழுங்கு."

"வேணாம் அண்ணி. கோழிங்க என்னைப் பாத்து பயப்படாம இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் என் மனைவி.

மகள் கல்லூரியில் படிக்கிறவள். அம்மாவின் அலமாரியைத் திறந்து பொட்டலங்களை எல்லாம் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தாள். "பாமாயில். இதுலயும் பாமாயில். இந்த பஃப்ஸ்ல வனஸ்பதி. அம்மா, இந்த சிப்ஸ் பொரிச்ச எண்ணெயை அவன் எத்தனை தடவை காய்ச்சினானோ!"

"எதுலயாவது உயிர் இருக்கா சொல்லு."

"உயிரைக் கொல்லாததெல்லாம் உடம்புக்கு நல்லதுன்னு யாரும்மா சொன்னது?"

என் மனைவி ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து வாயை மடித்துக் கிளிப் போட்டு, திரும்ப அலமாரியில் வைக்கப் போனாள். பாதியில் நின்று என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஊரெல்லாம் பெருமையடித்த விஷயத்திலேயே மண்ணைக் கவ்வினால் யாருக்குத்தான் தாங்கும்?

அன்றைக்கே முடிவு செய்தேன். மதியச் சாப்பாடு இனிமேல் என் பொறுப்பு. சோபா காத்திருக்கட்டும்.

சும்மா சொல்லக் கூடாது, நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். முதல் நாள் இரவே பட்டாணி, சிவப்பு பீன்ஸ், கொண்டைக்கடலை என்று ஏதாவது ஒன்றை ஊற வைப்பேன். விடிந்ததும் கேரட், தக்காளி, கீரை எல்லாம் சேர்த்துக் கொதிக்கவிட்டு, எண்ணெயைக் குப்பியிலிருந்து கவிழ்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுவேன். எள்ளும் வேர்க்கடலையும் அரைத்து ஒரு கரண்டி கலந்தால் கெட்டியாக, மணமாக வரும். மகள் ஒரு நல்ல பிளாஸ்க் வாங்கி வந்தாள். சூடாகச் சூப், தனி டப்பாவில் ஆரஞ்சு அல்லது தர்பூசணி, பக்கத்தில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். ராத்திரி படுக்கும் முன் மாத்திரையை நானே கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பேன்.

சாயங்காலம் பிளாஸ்க் காலியாகத் திரும்பி வரும். அதுவும் கழுவித் துடைத்து.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நேத்தைவிட நல்லா இருந்துச்சா?"

"ம். நேத்தைவிட."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளர்களிடமெல்லாம் சோபாவைப் பற்றிப் பேசாமல் சூப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஒரு அம்மா மெத்தை உறைக்கு அளவு கொடுக்க வந்துவிட்டு, பயறு ஊற வைக்கும் முறையைக் கேட்டுக்கொண்டு போனார்.

ஆனால் அவளிடம் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலமானால் அதே களைப்பு, அதே தலைவலி. மருந்துக் கடையில் பிரஷர் பார்த்தோம், பெரிதாக இறங்கவில்லை. போகப் போகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபரிசோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நூல்கண்டு வாங்கப் போன கடையில் சிக்னல்காரனைப் பார்த்தேன். அவளுக்குக் கீழே நின்று வாக்கி டாக்கியில் பேசுகிறவன், அவளை அக்கா என்றும் என்னை மாமா என்றும் கூப்பிடுவான். முதலில் அடையாளமே தெரியவில்லை. முன்பெல்லாம் சட்டைப் பொத்தான் வெடிக்கிற மாதிரி இருப்பான். இப்போது இடுப்பு சிறுத்து, முகம் பளபளவென்று, புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான்.

"என்னடா, ஆளே மாறிட்ட?" என்றேன்.

"எல்லாம் உங்க தயவு மாமா!" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "உங்க கைக்குத் தங்க வளையல் போடணும். அந்த சிவப்பு பீன்ஸ் சூப் இருக்கே, அடடா! எங்க வீட்ல வெக்கச் சொன்னேன், வரவே இல்ல. எள்ளு அரைச்சு ஊத்துவீங்களா? மதியம் அதைக் குடிச்சா சாயங்காலம் வரைக்கும் ஒரு அசதி இல்ல மாமா. தர்பூசணியும் நல்லா பாத்து வாங்கறீங்க."

"தினமும் குடிக்கறியா?"

"தினமும்தான். அக்கா மேலேருந்து கயித்துல பையை எறக்கிடுவாங்கல்ல..." என்றவன் என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அக்காவுக்கு வயிறு சரியில்லையாம் மாமா. அதான் எனக்கு..."

நூல்கண்டை வாங்காமலே திரும்பிவிட்டேன். வழியெல்லாம் எனக்குள் கொதித்தது. விடிந்தும் விடியாமலும் எழுந்து நான் வேகவைத்ததெல்லாம் எவனோ ஒருவன் இடுப்பைக் குறைக்கத்தானா? அவள் மேலே உட்கார்ந்து பழையபடி சிப்ஸ் தின்றுகொண்டு, கீழே வந்து "நேத்தைவிட நல்லா இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறாள்! காலியான பிளாஸ்க்கைக் கழுவித் துடைத்து வேறு கொடுத்திருக்கிறாள்!

அவள் வந்து ஷூவைக் கழற்றக்கூட நான் விடவில்லை. "என் சமையல் அவ்ளோ கேவலமா?" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் நான். நாக்கு ருசிக்கு உயிரை விடுகிறாய் என்றேன். ஸ்டோர் ரூமில் ஆணி எண்ணத்தான் லாயக்கு என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் வந்துவிட்டது.

அவள் ஒரு கால் ஷூவோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் சொன்னாள். "சூப் குடிச்சா இறங்கணும்ங்க."

"என்ன?"

"தண்ணி குடிச்சாலும் இறங்கணும். பழம் தின்னாலும் இறங்கணும்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் குனிந்து ஷூவின் கயிற்றைப் பார்த்தபடியே சொன்னாள். கிரேன் ஓட்ட ஆரம்பித்த புதிதில் ஒரு நாள். கான்கிரீட் போடும் நாள். கலவை லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அவளுக்கு அவசரம். வாக்கி டாக்கியில் கேட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள். அவ்வளவு ஏணியும் இறங்கி, மறுகோடியில் இருந்த கழிப்பறைக்குப் போய், திரும்ப ஏறி வர நேரம் ஆகத்தானே செய்யும்? பாதி ஏணியில் வரும்போது இடுப்பில் செருகியிருந்த வாக்கி டாக்கியில் சூப்பர்வைசரின் குரல் கேட்டிருக்கிறது. "மகாராணி ஒண்ணுக்குப் போயிருக்காங்க. அதுவரைக்கும் எல்லாரும் காத்து வாங்கிக்கிட்டு உக்காருங்க."

வேலை நடந்த இடம் முழுக்கச் சிரித்திருக்கிறது. மறுநாள் தச்சர் ஒருவர், "இன்னிக்கு எப்பக்கா லீவு விடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆம்பளைங்க பாட்டில் எடுத்துட்டுப் போவாங்க," என்றாள். "நான் என்ன பண்ணுவேன்? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஏறினா இறங்கறதில்ல. சிப்ஸ், பஃப்ஸ்னா கையில ஒட்டாது, கல்லு மாதிரி வயித்துல உக்காந்துக்கும், பசிக்காது. எனக்கு அதெல்லாம் பிடிச்சுப் போய் சாப்பிடறேன்னா நெனச்சீங்க?"

"தாகம் எடுக்காதா?"

"தாகம் பழகிடும்."

அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த சூப்பர்வைசரை நேரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அந்தக் கோபத்துக்கும் மேலே அழுகையாக வந்தது, அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டி, "சரி விடுங்க, சூப்பு நல்லா இருக்குன்னு அவன் சொன்னான்ல," என்று சமாதானம் சொன்னாள். இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது!

அடுத்த நாளிலிருந்து வழி தேட ஆரம்பித்தோம். பெரியவர்களுக்கும் டயப்பர் விற்கிறார்கள் என்று மகள் சொன்னாள். அவள் அம்மா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. நான் ஈரமே இல்லாத உணவாகச் செய்தேன். வறுத்த கடலை, கொட்டைகள், பயறை மசித்துத் தடவிய முழுக்கோதுமை ரொட்டி. இதுவாவது நடக்கும் என்று நினைத்தேன். மருத்துவரிடம் போனில் கேட்டபோது, "தண்ணி குடிக்காம இதை மட்டும் சாப்பிட்டா குடல் கட்டிக்கும். கிட்னியும் கெடும். தண்ணி இல்லாம எந்தச் சாப்பாடும் சமச்சீர் ஆகாது," என்று சொல்லிவிட்டார்.

சுற்றி வளைத்து ஒரே இடத்துக்குத்தான் வந்தோம். நல்லதாகச் சாப்பிட வேண்டுமானால் அவள் இறங்க வேண்டும். இறங்கினால் வேலை நிற்கும். வேலை நின்றால் அந்த சூப்பர்வைசர் சும்மா விடமாட்டார். நிறுவனம் எந்த இடத்துக்கு அனுப்பினாலும் அவரும் நிழல் மாதிரி கூடவே வந்திருக்கிறார். கிரேன் உரிமம் வாங்கிய அவர் மைத்துனர் ஒருவர் வேறு வேலையில்லாமல் காத்திருந்தார். இறங்கினாலும் கூண்டு கையை விட்டுப் போகலாம், இறங்காவிட்டாலும் போகலாம்.

"நான் வந்து அந்த ஆளை ரெண்டு கேள்வி கேக்கறேன்," என்றேன்.

"நீங்க வாயத் திறந்தா இருக்கற வேலையும் போயிடும். என் விஷயம் இது, விடுங்க."

ஆனால் அவளும் ஒன்றும் செய்யவில்லை. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவாள். இந்த முறை சிக்னல்காரனுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். "நாளைக்கு" என்பாள். நாளைக்கும் "நாளைக்கு" என்பாள். பயம் அவளுக்கு. கிரேன் ஏணிக்குப் பயப்படாதவள் ஒரு சிரிப்புக்குப் பயந்தாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு விழுந்திருந்தால் ஊரை விட்டே போயிருப்பேன்.

ஒரு நாள் பிளாஸ்க்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். மறந்தாளோ வேண்டுமென்றே விட்டாளோ. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதியத்துக்குக் கொண்டுபோனேன். வாசற்கதவுக்கு உள்ளே கலவை லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. கான்கிரீட் போடும் நாள். சிக்னல்காரன் என்னைப் பார்த்துப் பாதி சிரித்து, பாதி பயந்து, பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு வாக்கி டாக்கியில், "அக்கா, மாமா சாப்பாடு கொண்டுவந்திருக்காரு. கயிறு விடுங்க," என்றான்.

நான் அண்ணாந்து பார்த்தேன். பார்த்தவுடனே தலை சுற்றியது, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கூண்டுக் கண்ணாடியில் வெயில்தான் தெரிந்தது.

"கயிறு வேணாம்," என்று அவள் குரல் வந்தது. "வாளியை எறக்கி வெச்சுட்டேன். நான் கீழ வரேன்."

அங்கே நின்றவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். சூப்பர்வைசர் எங்கிருந்தோ வேகமாக வந்து சிக்னல்காரன் கையிலிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கினார். "லாரி நிக்குது தெரியலயா? இப்ப என்ன அவசரம்?"

அங்கிருந்த வாக்கி டாக்கி எல்லாவற்றிலும் அவள் பதில் கேட்டது. "ஒண்ணுக்குப் போகணும் சார். அப்பறம் சாப்பிடணும், தண்ணி குடிக்கணும். தினமும் இந்த நேரத்துக்கு இறங்குவேன். வேற ஏதாவது தெரியணுமா?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து, கூட யாரும் சேராததால் இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அவள் இறங்கினாள். பாதி ஏணியில் ஒரு இடத்தில் நின்றாள். கண் இருட்டுகிறதோ என்று பயந்தேன். பிறகு இறங்கினாள். தரையில் கால் வைத்து, தலைக்கவசத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் 'பெண்கள்' என்று எழுதியிருந்த தகரக் கதவை நோக்கி நடந்தாள். கதவைத் திறந்தால் உள்ளே சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறது, கூரை வரைக்கும்.

அவள் திரும்பி சூப்பர்வைசரைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

முதலில் போனவன் சிக்னல்காரன்தான். ஒரு மூட்டையை இழுத்து வெளியே போட்டான். நான் இன்னொன்றை இழுத்தேன். இரண்டு தச்சர்கள் வந்தார்கள். பிறகு கம்பி கட்டுகிறவர்கள். சிமெண்ட் தூசியில் எல்லாரும் வெள்ளையாகிவிட்டோம். கடைசி மூட்டை வந்ததும் அவள் உள்ளே போனாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கல் சுமக்கிற பெண்கள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கதவுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அதுவரை அவர்கள் எங்கே போனார்களோ, யாராவது கேட்டிருப்பார்களா? சூப்பர்வைசர் அந்த வரிசையைப் பார்த்தார், வாக்கி டாக்கியைச் சிக்னல்காரனிடம் திருப்பிக் கொடுத்தார், லாரிக்காரர்களிடம் போய் ஏதோ சொன்னார்.

அவள் கை கழுவி வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தாள். நான் எதிரே நின்றேன். ஒரு வாய் குடித்தாள். எத்தனையோ வாரமாக நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொன்னவள், முதல்முறையாக என் சூப்பை ருசி பார்த்தாள்.

"உப்பே இல்லையே," என்றாள்.

"பிரஷருக்கு உப்பு கம்மி பண்ணச் சொன்னாங்கல்ல?"

"இவ்ளோ கம்மியா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். தர்பூசணித் துண்டு ஒன்றைச் சிக்னல்காரனுக்கு நீட்டினாள். பாவம், அவன் வாங்கிக்கொள்ளாமல் தலையைச் சொறிந்தான். மறுநாளிலிருந்து அவனுக்கும் தனியாக ஒரு டப்பா போகிறது, அது வேறு கதை.

அதன் பிறகு எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சூப்பர்வைசர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மைத்துனரை ஒரு நாள் கூட்டிவந்து இடத்தைச் சுற்றிக்காட்டினார். அவள் அன்றைக்கும் இறங்கினாள். வயிறு கலங்கியிருந்த ஒரு நாள் இரண்டு முறை இறங்கினாள். போகப் போக லாரிகளையே அந்த நேரத்துக்குப் பிறகு வரச் சொல்லிவிட்டார்கள். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வந்தது. யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை.

மறுபரிசோதனையை ஒரு மாதம் தள்ளி வைத்துக் கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கெஞ்சினோம், கொடுத்தார். அன்றைக்குக் காகிதத்தைப் பார்த்துக் கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினார். கொழுப்பு இறங்கியிருந்தது. முழுக்க இல்லை, ஆனால் நன்றாகவே. பிரஷரும் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது. ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். என் அக்கா மட்டும் இன்றுவரை நம்பவில்லை. "எங்கியோ ஒளிஞ்சு முட்டை தின்னிருப்பா," என்கிறாள்.

சான்றிதழ் வாங்கியதற்கு அடுத்த நாள் காலை. நான் அடுப்படியில் கொண்டைக்கடலையை வடித்துக்கொண்டிருந்தேன். அவள் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க."

மொண்டு கொடுத்தேன். நின்றபடியே மடமடவென்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதே எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

டம்ளரைத் திரும்ப நீட்டினாள்.

"இன்னொண்ணு," என்றாள்.